விரலுக்குப் பழகின தமிழ்

வெள்ளாங்குளத்தில கணினி பாவிக்கிற ஆரையும் மறிச்சு, "தமிழில எழுத என்ன பாவிக்கிறியள்?" எண்டு கேட்டால், கேள்வியே அவைக்கு விளங்காது. "தமிழ்தான், வேறென்ன" எண்டு சொல்லுவினம். இன்னும் கொஞ்சம் கிண்டிக் கேட்டால், நாற்பது வயதைத் தாண்டினவை "பாமினி" எண்டு சொல்லுவினம். அதுக்குக் கீழ உள்ளவை "போனில வாறதுதான்" எண்டு சொல்லுவினம். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில ஏறக்குறைய நூறு வருசத்துக் கதை ஒண்டு கிடக்கு. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம்.

இந்தக் கேள்வி எங்களுக்கு வந்ததுக்குக் காரணம் ஒரு சின்ன வேலை. ஊரின் பழைய ஆவணங்களை ஒரு இடத்தில் சேர்ப்போம் எண்டு வெளிக்கிட்டோம். பெரிசா ஒண்டுமில்லை: கோயில் திருவிழா மலர், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா மலர், சங்கக் கூட்ட அறிக்கை, முப்பத்தோராம் நாளுக்கு அடிச்ச கல்வெட்டு. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்கட பக்கம் கல்வெட்டு எண்டால் கல்லில வெட்டினது இல்லை. இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, உறவுமுறை, தேவாரமோ செபமோ எல்லாம் போட்டு அச்சடிக்கிற சின்னப் புத்தகம்.) காகிதத்தில கிடைச்சது குறைவு. பென்டிரைவிலயும் பழைய சிடியிலயும் கோப்பாகக் கிடைச்சதுதான் கூட. அந்தக் கோப்புகளில அரைவாசிக்கு மேல, திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்த்தான் இருந்தது. ஒரு சொல்லும் வாசிக்க ஏலாது.

ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. பாமினி தெரிஞ்சவைக்கு இது "தமிழ்" எண்ட சொல். எப்பிடியெண்டால், பாமினி எண்ட எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில தமிழ் வடிவங்களைக் கொண்டுபோய் இருத்தி வைச்சிருக்கு. ஜே இருக்கவேண்டிய இடத்தில "த", கே இருக்கவேண்டிய இடத்தில "ம", பி இருந்த இடத்தில மேல்விசிறி, ஓ இருந்த இடத்தில "ழ", அரைப்புள்ளி இருந்த இடத்தில குற்று. கணினிக்குத் தமிழ் எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியாது. அது தன்ர பாட்டுக்கு ஜே கே பி ஓ எண்டு எழுதி வைச்சிருக்கும். பாமினி எழுத்துரு இருக்கிற கணினியில அதைத் திறந்தால் தமிழாய்த் தெரியும். இல்லாத கணினியில உள்ளது உள்ளபடி தெரியும். எங்கட ஊர்ப் பெயர் பாமினியில பன்னிரண்டு தட்டு: என், ரி, எஸ், அரைப்புள்ளி, எஸ், எச், கியூ, அரைப்புள்ளி, பெரிய எவ், எஸ், கே, அரைப்புள்ளி.

இதை வாசிக்கிற இளம் ஆக்களுக்கு இது பைத்தியக்கார வேலை மாதிரித் தெரியலாம். எங்களுக்கும் முதலில அப்பிடித்தான் தெரிஞ்சுது. ஆனால் ஓய்வுபெற்ற லிகிதர் ஒருவர், எழுபது வயதுக்காரர், எங்கட கீபோர்டில ஆங்கில எழுத்தைப் பார்க்காமலே ஒரு பந்தியை அடிச்சுக் காட்டினார். நாங்கள் போனில ஒரு வசனம் முடிக்கமுதல் அவர் கடிதத்தின் பாதிக்கு வந்திட்டார். "தம்பியவை, இது கணினி வரமுதல் பழகினது. எனக்குக் கணினி புதுசு, கை பழசு," எண்டார். அவர் சொன்ன பழசைத் தேடிக்கொண்டு போனால் அது சுண்டிக்குளியில போய் நிக்குது.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில 1886ல பிறந்தவர் ஆர். முத்தையா. இளவயதில மலாயாவுக்குப் போய் ஈப்போவில ஒரு வணிக நிறுவனத்தில வேலை செய்தவர். தமிழுக்கு ஒரு தட்டச்சுப்பொறி வேணும் எண்டு முயன்று, அதுக்கான விசைப்பலகையை அமைச்சு, ஜெர்மனியில செய்டல் அன்ட் நௌமன் கொம்பனியில பொறியைச் செய்விச்சு எடுத்தவர். "பிஜூ" எண்ட பெயரில அது வந்தது. அவருக்கு முன்னால நிண்ட சிக்கல் லேசானதில்லை. தமிழ் எழுத்து 247. தட்டச்சுப்பொறியில இருக்கிற தட்டுகளை மேல் கீழ் எண்டு இரண்டு தரம் எண்ணினாலும் நூறுகூட வராது. எனவே எழுத்தைத் துண்டு துண்டாக்க வேண்டி வந்தது. கொம்பு ஒரு தட்டு, அரவு ஒரு தட்டு, குற்று ஒரு தட்டு. "கொ" அடிக்கிறதெண்டால் கொம்பு, க, அரவு எண்டு மூன்று தட்டு, கையால எழுதுற அதே ஒழுங்கில. குற்று மாதிரியானவைக்கு, அடிச்சாலும் உருளை நகராத தட்டுகள். "கு", "ரு" மாதிரி உடைக்க ஏலாததுகளுக்குத் தனித் தட்டு.

இந்த வகைத் தட்டச்சுப்பொறிகளின் நடு வரிசையில இடக்கைக்கு ய, ள, ன, க, ப. வலக்கைக்கு அரவு, த, ம, ட. பாமினியில ஏ, எஸ், டி, எவ், ஜீ எண்டு அடிச்சுப் பாருங்கோ. அதே ய, ள, ன, க, ப வரும். அதாவது பாமினி புதுசா ஒண்டையும் கண்டுபிடிக்கேல்லை. கச்சேரியிலயும் நீதிமன்றத்திலயும் பிரக்கிராசி கந்தோரிலயும் ரைப் அடிச்சுக்கொண்டிருந்த ஒரு தலைமுறையின் விரலை அப்படியே கணினிக்குக் கூட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். அதுதான் அது வெண்டதுக்குக் காரணமும்.

இனிக் கொஞ்சம் சங்கடமான பகுதி. தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுறவை வழக்கமா ஒரு நேர்கோடு போடுவினம். 1991ல யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைச்சது. 1997ல சிங்கப்பூரில தமிழ் இணைய மாநாடு. 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம் தொடங்கினது. 1999 பெப்ரவரியில சென்னையில தமிழ்நெற்99 மாநாடு, அதில தமிழ்99 விசைப்பலகை. 2000ல விண்டோஸ் யூனிகோட் தமிழை "லதா" எழுத்துருவோட கொண்டுவந்தது. எல்லாம் உண்மை, எல்லாம் பெரிய வேலை. ஆனால் அந்தக் கோட்டில எங்கட ஊர் எங்க நிண்டது?

1990 யூனில திரும்பச் சண்டை தொடங்கின பிறகு வன்னிக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில பெற்றோல், பற்றறி எண்டு ஒரு நீளப் பட்டியல் மறிக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தைப் பற்றி எங்கட அம்மா அப்பாவிட்டக் கேட்டால் நிறையச் சொல்லுவினம். சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில வாற கரண்டில ரேடியோ கேட்டது. ஒராள் சுத்த, மற்றவை செய்தி கேக்கிறது. சுத்துறவர் களைச்சால் செய்தியும் களைச்சுப் போகும். மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணையில ஓடினது. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வைச்சு, கொஞ்ச மண்ணெண்ணையில விடியும்வரை எரிய விட்டது. சென்னையில எந்த விசைப்பலகை நல்லது எண்டு அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்த நேரம், இஞ்ச ஜாம் போத்தல் விளக்கில பிள்ளையள் படிச்சுக்கொண்டிருந்தினம்.

இதை இரக்கம் தேடிச் சொல்லேல்லை. ஒரு பொருளைப் பாவிக்கிற பழக்கம் எப்பிடி உருவாகுது எண்டதுக்குத்தான் சொல்லுறோம். தட்டுப்பாட்டில வளர்ந்த ஊரில ஒரு கருவியைப் பற்றி முதல் கேக்கிற கேள்வி "புதுசா?" எண்டு இல்லை. "பழுதானால் இஞ்ச ஆரும் திருத்துவினமா? தெரியாட்டி ஆரிட்டக் கேக்கலாம்?" எண்டதுதான். 2002 பெப்ரவரியில போர்நிறுத்தம் வந்து, பாதை திறந்து, பழைய கணினிகள் வன்னிக்குள்ள வரத் தொடங்கினபோது இதே கேள்விதான் இருந்தது. ஜெனறேற்றரில ஓடின வகுப்புகளில சொல்லிக் குடுத்தவர் எதைப் பழகியிருந்தாரோ அதையே எல்லாரும் பழகிச்சினம். அவர் பழகியிருந்தது பாமினி. சிடியில ஒரு கோப்பு, அதை எழுத்துருக் கோப்புறைக்குள்ள ஒட்டிவிட்டால் முடிஞ்சுது. யூனிகோட் தமிழ் வேணும் எண்டால் அந்தக் காலத்து விண்டோஸ் எக்ஸ்பியில மொழி அமைப்புக்குள்ள போய், சிக்கலான எழுத்துமுறைக்கு எண்டு ஒரு பெட்டியில சரி போட்டு, விண்டோஸ் மூலச் சிடியைப் போடச் சொல்லி அது கேக்கும். மூலச் சிடி ஆரிட்ட இருந்தது? எங்கட பக்கம் இருந்த விண்டோஸ் எல்லாம் எந்தக் கையால எந்தக் கைக்கு வந்தது எண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அதோட, அச்சகக்காரரைக் குறை சொல்லவும் ஏலாது. மன்னார் ரவுணில கலியாணக் கார்ட்டும் மரண அறிவித்தலும் அடிக்கிற அண்ணை ஒருவரிட்டக் கேட்டோம். "பேஜ்மேக்கரில யூனிகோட் போட்டுப் பாருங்கோ, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் போய் நிக்கும். கஸ்டமருக்கு நான் கொம்பைக் கையால வரைஞ்சா குடுக்கிறது?" எண்டார். நியாயம்தான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001ல வந்தது. அதுக்குப் பிறகு அடொபி அதைக் கைவிட்டிட்டுது. இன்டிசைனில தமிழ் ஒழுங்காக் கோர்க்கிற வசதி 2012ல சிஎஸ்6 பதிப்போடதான் வந்தது. எழுத்தை அச்சில ஏத்துறவருக்குக் கோப்புக்குள்ள என்ன குறியீடு இருக்கு எண்டது கவலை இல்லை. காகிதத்தில வடிவா வந்தால் சரி. பாமினியும் அதன் கூட்டத்து எழுத்துருக்களும் காகிதத்துக்காகவே பிறந்தவை. தட்டச்சுப்பொறியின் பிள்ளைகள்தானே.

2008 ஆகஸ்ட் தொடக்கத்தில இராணுவம் வெள்ளாங்குளத்தைப் பிடிச்சது. அதுக்கு முந்தின மாதம் விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை. சனம் கிழக்கால கிளிநொச்சி, பிறகு முல்லைத்தீவு எண்டு போய், 2009 மேக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில இருந்தது. அந்தப் பயணத்தில ஆர் கணினியைத் தூக்கிக்கொண்டு போனது? அதுக்கு முந்தி அடிச்ச கோப்புகள் எங்களிட்ட ஒண்டும் இல்லை. இப்ப நாங்கள் சேர்க்கிறது எல்லாம் திரும்பி வந்த பிறகு, ஞாபகத்தில இருந்தும் மிஞ்சின காகிதத்தில இருந்தும் திருப்பி அடிச்சவைதான். ஆர் எந்தக் காணியில இருந்தது, எந்தக் குடும்பத்தில ஆர் இல்லை, பள்ளிக்கூடத்தில எந்த வருசம் ஆர் அதிபர். இதை அடிச்ச ஆக்கள் பாமினியிலதான் அடிச்சவை. அடிக்கத் தெரிஞ்சவை எல்லாம் பாமினிக்காரர்தானே.

திரும்பி வந்த ஊருக்குக் கரண்டுக்கு முதல் வந்தது போன். கோபுரங்கள் வன்னிக்குள்ள எழும்பினது சண்டை முடிஞ்ச பிறகுதான். 2011 தையில சங்குப்பிட்டிப் பாலம் திறந்து ஏ32 வீதியால யாழ்ப்பாணம் கிட்டவான காலத்தில, இஞ்ச பல வீட்டில முதல் மின்கருவியே ஒரு நோக்கியா போன்தான். சாச் பண்ணுறதுக்கு கடையில குடுத்து இருபது முப்பது ரூபா கட்டுறது. அந்தப் போனில தமிழ் எழுதின ஆள் குறைவு. அதுக்குச் சோம்பல் காரணம் இல்லை, காசு. ஒரு எஸ்எம்எஸ் ஆங்கில எழுத்தில 160 எழுத்துக் கொள்ளும். தமிழில எழுதினால் 70தான். அந்த எழுபதிலயும் கொம்பு, அரவு, குற்று எல்லாம் தனித்தனியா எண்ணப்படும். "வெள்ளாங்குளம்" கண்ணுக்கு ஏழு எழுத்து. போனின் கணக்கில 13. எங்கட ஊர்ப் பெயரை இடைவெளி விட்டு ஐஞ்சு தரம் எழுதினால் 69. ஒரு எஸ்எம்எஸ் முடிஞ்சுது. இதைத் தெரிஞ்சுகொண்டு ஆர் தமிழில "சாப்பிட்டியளோ" எண்டு கேட்பினம்? ஆங்கில எழுத்தில தமிழை எழுதுறதைப் பற்றி மேடையில வருத்தப்படுறவை ஒருக்கா இந்தக் கணக்கையும் பார்க்கவேணும்.

வாசிக்கிறதுக்கு வேற வழி இருந்தது. அந்தக் காலத்துப் போன்களில தமிழ் இணையத்தளத்தைத் திறந்தால் பெட்டி பெட்டியாத் தெரியும். ஒபெரா மினியில முகவரி எழுதுற இடத்தில ஒரு மந்திரச் சொல் மாதிரி அமைப்புப் பக்கத்தின் பெயரை அடிச்சு, உள்ளுக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்குப் படவெழுத்து எண்ட இடத்தில "ஆம்" போட்டால், தளத்தை அவையின்ர பக்கமே படமாக்கி அனுப்பும். தமிழ் தெரியும். இந்த உபாயத்தைப் பொடியள் ஒருத்தருக்கு ஒருத்தர் காதோட காதாச் சொல்லிக் குடுத்தது எங்களில மூத்தவைக்கு நல்ல ஞாபகம். கம்பனி விளம்பரம் ஒண்டும் இதைச் சொல்லேல்லை. எங்கட பக்கம் ஒரு மென்பொருள் பரவினது எப்பவும் இப்பிடித்தான்: அது நல்லதோ கூடாதோ, தெரிஞ்ச ஒராள் பக்கத்தில இருந்தால் பரவும்.

இதுக்கெல்லாம் முன்னமே, 2005 பொங்கலுக்கு, மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த செல்லினம் சிங்கப்பூரில வெளிவந்திட்டுது. போனில தமிழ் எழுதலாம் எண்டு காட்டினது அதுதான். ஆனால் எங்கட கைக்கு அன்ட்ரொயிட் போன் வந்து, அதிலயே தமிழ் கீபோர்ட் வந்தபிறகுதான் நாங்கள் எழுதத் தொடங்கினது. இப்ப ஓ.எல். படிக்கிற தங்கச்சி ஒராளிட்டப் பாமினியைப் பற்றிக் கேட்டால், "அது ஆற்ற மகள், அண்ணா?" எண்டு கேக்குது. அந்தப் பிள்ளைக்கு "ள" எங்க எண்டு போனில தெரியும். கணினிக்கு முன்னால இருத்தினால் ஒரு தமிழ் எழுத்து வராது. ரைப் அடிக்கிற லிகிதருக்கு நேர் எதிர். அவர் போனில மகனுக்கு ஒரு சொல் எழுதமாட்டார். 2013ல வட்ஸ்அப்பில குரல் பதிவு வந்ததில இருந்து அவருக்கு எழுதவேண்டிய தேவையே இல்லாமல் போச்சு. 2017ல கூகிள் தமிழில பேச எழுதுற வசதியையும் தந்தது. ஆனால் எங்கட "எண்டு", "கிடக்கு", "வெளிக்கிட்டு" எல்லாத்தையும் அது விளங்கிக்கொள்ளுறதில்லை. அதுக்கு விளங்கவேணும் எண்டு நாங்கள் செய்தி வாசிக்கிற ஆள் மாதிரிக் கதைக்கிறோம். வீட்டில கேட்டால் சிரிக்கினம்.

இப்பிடி ஒரே வீட்டுக்குள்ள மூன்று தமிழ் இருக்கு: பாமினியில அடிக்கிற கந்தோர்த் தமிழ், போனில தட்டுற தமிழ், குரலில அனுப்புற தமிழ். ஒண்டை மற்றது வாசிக்காது.

பழையவை அடிச்சதைப் புதியவை திறக்கேலாமல் போறதால வாற நட்டம் உண்மையான நட்டம். கோப்புகளைச் சேர்க்கப் போன ஒரு வீட்டில, "இருந்தது தம்பி, வைரஸ் பிடிச்சிட்டுது, எல்லாம் ஏதோ ஆங்கிலமா மாறிக் கிடந்தது, அதான் அழிச்சுப்போட்டன்" எண்டு சொல்லிச்சினம். அது இறந்துபோன தகப்பனின் கல்வெட்டுக்கு எண்டு அந்தக் குடும்பம் இருந்து எழுதின வம்ச வரலாறு. வைரஸ் ஒண்டும் பிடிக்கேல்லை. புதுக் கணினி வாங்கினபோது பாமினியை ஆரும் போட்டுக் குடுக்கேல்லை, அவ்வளவுதான். இன்னொரு இடத்தில ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கு. ஐந்நூறு பெயருக்கு மேல. அதில ஒரு பெயரைத் தேடித் தாங்கோ எண்டு ஒரு அம்மா கேட்டா. தேடல் பெட்டியில தமிழில பெயரை அடிச்சால் "இல்லை" எண்டு வருது. பெயர் கண்ணுக்கு முன்னால இருக்கு. கணினிக்கு அது பெயர் இல்லை, ஆங்கில எழுத்துக் குப்பை. பிறகு நாங்கள் பாமினித் தட்டைக் கணக்குப் பார்த்து, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய் அடிச்சுத் தேடி எடுத்தோம். காணாமல் போனவையின் பெயரைத் தேடுறதுக்கு இந்த நாட்டில எவ்வளவோ கந்தோர் ஏறி இறங்கின சனத்துக்கு, இதுவும் ஒரு தேடல்.

அப்ப பாமினிக்காரரை எல்லாம் மாற்றவேணுமா? இந்த இடத்தில எங்களுக்குள்ளேயே வாதம் வந்தது. ஒரு பகுதி, "பழசுகள் பிடிவாதம், மாறமாட்டினம்" எண்டது. வரலாற்றைப் பார்த்தால் அந்தப் பேச்சில நியாயம் குறைவு. உலகம் முழுக்க ஆங்கிலம் அடிக்கிற குவெர்ட்டி விசைப்பலகையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தட்டச்சுப்பொறியின் மிச்சம்தான். அதை ஆரும் பிடிவாதம் எண்டு சொல்லுறதில்லை. விரல் ஒருக்காப் பழகினால் அது எழுத்தறிவின் பாகம். லிகிதரை எழுபது வயதில புது விசைப்பலகை பழகச் சொல்லுறது, இடக்கையால எழுதச் சொல்லுற மாதிரி.

உண்மையில இதுக்கு வழி எப்பவோ வந்திட்டுது. பாமினி எண்டு நாங்கள் சொல்லுறதுக்குள்ள இரண்டு விசயம் ஒட்டிக்கொண்டு இருக்கு. ஒண்டு விரல் போற ஒழுங்கு. மற்றது கோப்புக்குள்ள சேமிக்கிற குறியீடு. பிரச்சினை இரண்டாவதில மட்டும்தான். சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் ரைட்டர் எண்ட இலவச மென்பொருளில பாமினி ஒழுங்கு ஒரு தெரிவாகவே இருக்கு. அதே விரல், அதே கொம்பை முதலில அடிக்கிற பழக்கம், ஆனால் விழுறது யூனிகோட். தமிழா குழுவின் எ-கலப்பை ஆங்கில ஒலிவழி எழுதுறவைக்கு 2000களிலேயே இதே மாதிரி உதவினது. இலங்கையின் தமிழ்க் குறியீட்டுக்கான எஸ்எல்எஸ் 1326 தரம் 2008ல வந்தது. அதோட வந்த ரெங்கநாதன் விசைப்பலகையும் தட்டச்சுப்பொறி வழி வந்ததுதான். தரம் வந்த வருசம் எங்கட சனம் எங்க நிண்டது எண்டு மேல எழுதியிருக்கிறோம். அதால அந்தச் செய்தி ஊருக்கு வந்து சேராததில ஆச்சரியமில்லை. சேர்ப்பிக்கவேண்டியவை பிறகும் சேர்ப்பிக்காததுதான் ஆச்சரியம். சண்டை முடிஞ்சு இவ்வளவு காலத்துக்குப் பிறகும் கந்தோர்களில இருந்து எங்களுக்கு வாற கடிதக் கோப்புகளில பாமினிதான் கூட.

லிகிதரின் மடிக்கணினியில என்எச்எம் ரைட்டரைப் போட்டுக் குடுத்தோம். முதல் நாள் சந்தேகத்தோட அடிச்சார். இரண்டாம் நாள் போன் எடுத்து, "தம்பி, இது பாமினிதானே, நீங்கள் என்னத்தை மாத்தினியள்?" எண்டு கேட்டார். அவருக்கு ஒண்டும் மாறேல்லை. கோப்பை மகனுக்கு லண்டனுக்கு அனுப்பினால் அங்க போனில அப்படியே தெரிஞ்சிருக்கு. அதுக்கு முதல் அவர் அடிச்சதை அச்சடிச்சு, படம் பிடிச்சு, படமாத்தான் அனுப்பிறவராம். அச்சக அண்ணை மட்டும் அசையேல்லை. "நான் அடிக்கிறது காகிதத்துக்கு" எண்டு சொல்லிப்போட்டார். அவரோட நாங்கள் வாதாடேல்லை. அடிச்ச பிறகு கோப்பில ஒரு பிரதியை வாடிக்கையாளருக்குக் குடுங்கோ எண்டு மட்டும் கேட்டிருக்கிறோம்.

ஏற்கெனவே பாமினியில கிடக்கிற கோப்புகளை மாற்றுறதுக்கும் கருவி இருக்கு. சுரதா யாழ்வாணன் செய்த "பொங்குதமிழ்" மாற்றியை இணையத்தில தமிழ் எழுதத் தொடங்கின தலைமுறை மறக்காது. ஒரு பக்கம் பாமினியை ஒட்டினால் மற்றப் பக்கம் யூனிகோட் வரும். பாவிக்கிறவைக்கு எங்கட அனுபவத்தில இருந்து இரண்டு எச்சரிக்கை. கோப்புக்குள்ள இடைக்கிடை உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால், மாற்றி அதையும் தமிழாக்கிப்போடும். "போம்" எண்டு ஆங்கிலத்தில எழுதியிருந்த இடமெல்லாம் எங்களுக்கு "கழசஅ" எண்டு வந்தது. ஒரு சங்க அறிக்கையில இந்தக் கழசஅ பத்துப் பன்னிரண்டு இடத்தில வர, ஏதோ பழந்தமிழ்ச் சொல்லாக்கும் எண்டு ஒராள் அகராதி தேடினவர். மற்றது, பாமினி ஒழுங்கில வந்த வேற எழுத்துருக்கள் சில எழுத்துகளை இடம் மாத்தி வைச்சிருக்கும். அதால மாற்றினதை ஒருக்கா மூலத்தோட ஒப்பிட்டு வாசிக்கவேணும். முக்கியமா ஆட்களின் பெயர். பெயரில ஒரு எழுத்துப் பிழைச்சால் எங்கட நாட்டில எத்தினை வருச அலைச்சல் எண்டு சொல்லத் தேவையில்லை.

அச்சில வந்த பழைய புத்தகங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நூலகம் நிறுவனம் 2005ல இருந்து ஈழத்துப் புத்தகங்களையும் நினைவு மலர்களையும் வருடி இணையத்தில போட்டு வருகுது. பக்கம் படமா இருக்கிறதால எந்தக் கணினியிலும் தெரியும். ஆனால் எங்கட ஊரில அடிச்ச கல்வெட்டுகள் நூறு இருநூறு பிரதிதான். அதில கனக்க எங்க எண்டு தெரியாது. கோப்புத்தான் மிச்சம்.

எனவே வெள்ளாங்குளம், தேவன்பிட்டி, மூன்றாம்பிட்டிப் பக்கம் இதை வாசிக்கிறவை வீட்டில பழைய சிடி, பென்டிரைவ், ஓடாத கணினி இருந்தால் எறியாதேங்கோ. கோப்பைத் திறந்து, ஆங்கில எழுத்துக்கு இடையில இரண்டு மூன்று எழுத்துக்கு ஒருக்கா அரைப்புள்ளி வந்தால், அது வைரஸ் இல்லை. அந்த அரைப்புள்ளி ஒவ்வொண்டும் ஒரு குற்று. அழிக்கமுதல் ஒரு பிரதி எடுத்து எங்களிட்டத் தாங்கோ. ஞாயிறு பின்னேரங்களில வாசிகசாலையில இருப்போம். லிகிதர் ஐயாவும் வருவார். மாற்றி பிழைவிட்ட இடங்களை அவர் பாமினியிலேயே வாசிச்சுச் சொல்லுறார், கண்ணாடியும் போடாமல்.